கஞ்சா, சரசு, பங்கி: செய்முறைச் சொற்களின் வரலாறும் எல்லைப்புற மொழிபெயர்ப்பும்

நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. ஒரே தானியம் உமியோடு நிற்கும் நிலைக்கும், உமி நீங்கிய நிலைக்கும், வெந்த நிலைக்கும் தமிழ் தனித்தனிப் பெயர் வைத்துள்ளது. நொய், தவிடு, உமி, கருக்காய் என்று இடைப்பட்டவற்றுக்கும் பெயருண்டு. கைத்தொழிலின் ஒவ்வொரு படியும் ஒரு சொல்லை ஈன்றிருக்கிறது. ஆனால் இதே மொழியில் 'கஞ்சா' என்னும் சொல்லை நோக்குக. செடியும் கஞ்சா, அதன் இலையும் கஞ்சா, பூத்த நுனியை உலர்த்திப் பெற்ற சரக்கும் கஞ்சா. செடியினின்று தனியே திரட்டிய பிசினையும் நாளிதழ்த் தமிழ் பல வேளைகளில் கஞ்சா என்றே எழுதிச் செல்கிறது. 'கஞ்சாவில் இருக்கிறான்' எனும் பேச்சு வழக்கில் அதனால் வரும் மயக்கமும் அச்சொல்லாலேயே குறிக்கப்பெறுகிறது.

ஒரு மொழி ஒரு பொருளின் நிலைகளைப் பிரித்துப் பெயரிடாமைக்கு அம்மொழி பேசுவோர் அப்பொருளில் அத்தொழிலைச் செய்யாமையே பெரும்பாலும் காரணமாகும். இவ்விடைவெளி அகராதி அளவில் நின்றிருந்தால் மொழியியலார்க்கு மட்டுமே உரிய செய்தியாக இருந்திருக்கும். இந்தியச் சட்டமோ 1985 முதல் இந்நிலைகளைத் தனித்தனியே பிரித்துத் தண்டனையை அமைத்துள்ளது. பாலக்காட்டின் அட்டப்பாடி, சிற்றூர்ப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசுவோரின் வாக்குமூலம் மலையாளத்தில் எழுதப்பெற்று, ஆங்கிலச் சட்டச் சொல்லோடு ஒப்பிடப்பெற்று, மீண்டும் தமிழில் அவர்க்கு விளக்கப்பெறுகிறது. மூன்று மொழிகளுக்கிடையே ஒரு சொல் பெயரும்போது நேரும் மாற்றம் சிலருடைய வாழ்நாளின் சில ஆண்டுகளாகவும் ஆகக்கூடும். ஆகவே இச்சொற்களின் வரலாற்றை, அவை குறிக்கும் செய்முறையின் வரலாற்றோடு சேர்த்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

வடபுலச் சொற்களும் அவற்றின் தொழிலும்

வடமொழியில் பங்கா, கஞ்சா, விசயா எனும் பெயர்கள் வழங்கின. அதர்வ வேதத்தில் வரும் 'பங்க' இச்செடிதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்ச் சித்த மருத்துவ மரபில் கஞ்சா, பங்கி, கோரக்கர் மூலி என்னும் பெயர்கள் உள்ளன. முதலிரண்டும் வடசொல்வழி வந்தமை வெளிப்படை. மூன்றாவது பெயரே தமிழ் மரபு தானாக ஆக்கிக்கொண்டது. அதுவும் செய்முறையைச் சுட்டாமல் ஒரு சித்தரைச் சுட்டுகிறது. 'கஞ்சாங்கோரை' என்பது துளசி இனத்தைச் சேர்ந்த நாய்த்துளசியின் பெயர். பெயரொப்புமை கண்டு அதனை இதனோடு சேர்த்து எண்ணுவோர் உளர். இரண்டும் வேறு செடிகள்.

வடபுலத்திலோ நிலை வேறு. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஓஷாக்னசி 1839-இல் இச்செடியின் மருத்துவப் பயனைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டபோதே, மக்கள் வழக்கில் மூன்று பொருள்கள் தெளிவாகப் பிரிந்திருந்தமையைக் காட்டினார். பங்கு, சித்தி, சப்ஜி என்பன உலர்ந்த இலைக்குரியன. கஞ்சா என்பது பிசின் நீங்காத, உலர்ந்த பூந்தலை. சரசு என்பது தனியே திரட்டிய பிசின். இவற்றுள் இலை பறித்தலால் கிடைப்பது. பூந்தலை வளர்ப்பால் கிடைப்பது. பிசின் தொழிலால் கிடைப்பது. இம்மூன்று சொற்களும் செடியின் உறுப்புகளுக்கு இட்ட பெயர்கள் போலத் தோன்றினும், உண்மையில் மனிதக் கை அச்செடியின்மீது செய்த வேலைக்கு இட்ட பெயர்களே எனலாம்.

வங்காளத்தில் கஞ்சா பயிரிட உரிமம் பெற்ற நிலப்பகுதி இராசசாகி மாவட்டத்து நவுகாம் வட்டாரத்தில் இருந்தது. அங்கே ஆண்செடிகளை இனங்கண்டு களைவதற்கென்றே 'போத்தார்' எனப்பட்ட வல்லுநர் அமர்த்தப்பட்டனர். ஆங்கில ஆவணங்கள் அவர்களைக் 'கஞ்சா மருத்துவர்' என்று வேடிக்கையாக மொழிபெயர்த்தன. பெண்செடி காய்க்க வழியின்றி நிற்கும்போது அதன் பூந்தலையில் பிசின் மிகுதியாகப் படிகிறது. அவ்வாறு விளைந்ததே அங்குக் கஞ்சா எனப்பட்டது. அதனைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் 'சப்பட்டைக் கஞ்சா'. உருட்டி மிதித்தால் 'உருண்டைக் கஞ்சா'. உதிர்ந்த நொறுங்கல் 'சூர்'. மூன்றுக்கும் வரி விகிதம் வேறாக இருந்தது. நம் நெல், அரிசி, நொய் என்பன போன்ற பாகுபாடு இங்கே அரசின் கணக்கேட்டில் ஏறிவிட்டதைக் காண்கிறோம்.

செடியில் ஆண், பெண் என்னும் பெயரீட்டைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. ஐரோப்பியச் சணல் வேளாண்மையில் மகரந்தம் தரும் செடியைப் 'பெண்' என்னும் பொருள்படும் சொல்லாலும், விதை தரும் செடியை ஆணுக்குரிய சொல்லாலும் பல நூற்றாண்டு வழங்கினர். மெலிந்து முன்னரே வாடுவது பெண், தடித்து நிற்பது ஆண் என்பது அவர்தம் எண்ணம். தமிழ்நாட்டுப் பனையேறிகள் காய்ப்பதைப் பருவப்பனை என்றும் காய்க்காததை அலகுப்பனை என்றும் வழுவாமல் பிரித்தனர். மொழிபெயர்ப்பாளர் பழைய ஐரோப்பிய வேளாண் நூல்களைக் கையாளும்போது இத்தலைகீழ் வழக்கை நினைவிற் கொள்ளவேண்டும்.

சரசின் கதை இன்னும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் வந்த சரசின் பெரும்பகுதி யார்க்கண்டிலிருந்து இலடாக்கு வழியாகப் பஞ்சாபை அடைந்தது. அங்கே கையாண்ட முறை உலர்முறை. உலர்ந்த பூந்தலையை அடித்து உதிர்த்து, சல்லடையிலோ துணியிலோ சலித்துப் பெற்ற பிசின்தூளை அழுத்திக் கட்டியாக்கினர். இமயத்தின் தென்சரிவில் கையாண்டதோ ஈரமுறை. நிற்கும் செடியைக் கையால் தேய்த்து, உள்ளங்கையில் ஒட்டியதைத் திரட்டினர். இந்தியில் 'மல்னா' என்பது தேய்த்தலைக் குறிக்கும் வினை. நடு இந்தியாவில் தோலாடை அணிந்தோர் செடிகளினூடே உராய்ந்து நடந்து ஆடையில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்ததாகவும் ஓஷாக்னசி எழுதுகிறார். இந்தியில் 'சரசு' என்பது நீர் இறைக்கும் தோற்சாலுக்கும் பெயர். ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் புகழ்பெற்ற அகராதியான ஹாப்சன்-ஜாப்சன் இரு பொருளையும் ஒரே தலைச்சொல்லின்கீழ் தருகிறது. பிசின் தோற்பையில் கட்டப்பெற்று வந்தமையால் பையின் பெயர் பண்டத்துக்கு ஆயிற்று என்பாருளர். அவ்வாறாயின் அது தமிழிலக்கணம் கூறும் இடவாகுபெயராகும். எனினும் இது கருத்தேயன்றி முடிபன்று.

அரபுச் சொற்கள் இரண்டையும் இங்கே குறிக்கவேண்டும். 'ஹஷீஷ்' என்பதற்கு உலர்ந்த புல் என்பதே முதற்பொருள். இன்று அது திரட்டிய பிசினைக் குறிப்பது பொருட்சுருக்கமும் பொருட்பெயர்வும் ஒருங்கே நிகழ்ந்ததன் விளைவு. 'கைஃப்' என்பது இன்பநிலை. மொராக்கோ வழக்கில் அது 'கீஃப்' எனத் திரிந்து, நறுக்கிப் புகையிலையோடு கலந்த இலைச்சரக்கைக் குறித்தது. பிற்கால ஆங்கிலத்திலோ அதே சொல் சலித்தெடுத்த பிசின்தூளுக்குப் பெயராயிற்று. ஆக, மனநிலைக்குரிய சொல் செடிக்கும், செடிக்குரிய சொல் தூளுக்கும் நகர்ந்திருக்கிறது. ஒரு மொராக்கோப் பயணநூலில் வரும் 'கீஃப்' என்பதையும், இற்றை ஆங்கிலச் செய்தியில் வரும் அதே சொல்லையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்ப்பது பிழையாகும். 'மாஜூன்' என்பதும் அரபே. பிசைந்தது என்பது பொருள். நெய்யும் இனிப்பும் சேர்த்துப் பிசைந்த தின்பண்டத்துக்கு அது பெயர். நம் இலேகியம் அதற்கு நிகர்.

மலையாள நாட்டுச் சான்று

தென்புலத்துக்கு வருவோம். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் அறிவு அதற்கு அடிப்படை. அதன் பத்தாம் தொகுதியில் 'கலெங்கி கஞ்சாவ', 'செறு கஞ்சாவ' என இரண்டு பெயர்கள் படத்துடன் வருகின்றன. 'செறு' என்பது தமிழ்ச் 'சிறு'வின் மலையாள வடிவம். 'கஞ்சாவ' என்பது இன்றைய மலையாளக் 'கஞ்சாவு' என்னும் வடிவத்துக்கு மூன்று நூற்றாண்டுக்கு முற்பட்ட சான்று. தமிழ் 'கஞ்சா' ஆகார ஈற்றோடு நிற்க, மலையாளம் வகரத்தைப் பெற்றுக்கொண்டது.

நம் நோக்குக்கு முக்கியமானது வேறொன்று. ரீடின் பெயர்கள் செடியின் வகையைப் பிரிக்கின்றன. சரக்கின் நிலையைப் பிரிக்கவில்லை. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், 1563-இல், கோவாவில் தம் நூலை வெளியிட்ட கார்சியா த ஓர்த்தாவும் 'பாங்கு' பற்றி எழுதும்போது இடித்துப் பொடித்த இலையையே முதன்மையாகப் பேசுகிறார். 1785-இல் இலமார்க் 'கன்னாபிஸ் இண்டிகா' என இந்தியச் செடியைத் தனி இனமாக விவரித்தபோது ரீடின் மலையாளப் பெயர்களையும் எடுத்துக்காட்டினார். ஆகவே ஐரோப்பியத் தாவரவியல் நூல்களுக்குள் தென்னிந்தியச் சொல் செடிப்பெயராகவே நுழைந்தது. வடவிந்தியச் சொற்கள் அரசாவணங்களுக்குள் சரக்குப் பெயர்களாக நுழைந்தன. ஒரே சொல்லாகிய 'கஞ்சா' ஓரிடத்தில் செடி, மற்றோரிடத்தில் பூந்தலை என்று இரு வாழ்வு வாழ்வதற்கு இதுவே தொடக்கம் எனக் கருதலாம்.

ஆணையம் முதல் சட்டம் வரை

1893-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எழுந்த வினாவின் விளைவாக இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் அமர்த்தப்பட்டது. மாக்வொர்த் யங் தலைமையில் அமைந்த அதில் இந்திய உறுப்பினர் மூவர் இருந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை வினவி 1894-இல் அறிக்கை அளிக்கப்பட்டது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கில்லை, முழுத்தடை வேண்டுவதில்லை என்பது அதன் முடிவு. மொழியியலார்க்கு அதனினும் பெரிது, அது சொற்களை வரையறுத்த முறை. தாவரவியலார் பிரெய்ன் வகுத்த வரையறைகளை ஆணையம் ஏற்றது. அதன்படி பங்கு, சித்தி, சப்ஜி, பத்தி என்பன உலர்ந்த இலை. கஞ்சா என்பது வளர்ப்புப் பெண்செடியின், பிசின் படிந்த உலர் பூந்தலை. சரசு என்பது பிரித்துத் திரட்டிய பிசின். வங்காள, பஞ்சாபு உழவரின் தொழில்வழக்கு இங்கே இந்தியா முழுமைக்குமான சொல்லாட்சியாயிற்று.

பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஏலமலைப் பகுதி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. ஆக இன்றைய எல்லைப்புறத்தின் ஒரு பாதி பிரித்தானிய இந்தியாவின் ஆவணச் சொல்லாட்சிக்குள்ளும், மறுபாதி ஒரு சுதேச அரசின் சொல்லாட்சிக்குள்ளும் வளர்ந்தது. இரண்டு பாதியிலும் பேச்சில் இருந்த சொல் ஒன்றே.

தொழிலாளரோடு சொல்லும் கடல் கடந்தது. 1845-இல் யமைக்காவுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் செல்லத் தொடங்கினர். இன்று 'கஞ்சா' அந்நாட்டு ஆங்கிலத்தின் சொந்தச் சொல். சென்னையிலிருந்து புறப்பட்ட முதற்கப்பல் 1860-இல் நாட்டாலை அடைந்தது. அதில் சென்றோருள் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. பத்தே ஆண்டில், 1870-இல், நாட்டால் குடியேற்றச் சட்டம் அத்தொழிலாளர் இச்செடியின் 'எந்தப் பகுதியையும்' புகைத்தலையும் வைத்திருத்தலையும் தடுத்தது. அங்கே இலை, பூந்தலை, பிசின் என்ற பாகுபாடே இல்லை. சரக்கின் நிலையைப் பிரிக்காத சட்டம், வைத்திருப்பவரின் இனத்தைப் பிரித்தது!

1925-ஆம் ஆண்டு ஜெனீவா அபினி உடன்படிக்கையில் 'இந்தியச் சணல்' என்பது, பிசின் பிரிக்கப்படாத, பெண்செடியின் உலர்ந்த பூக்கும் அல்லது காய்க்கும் நுனி என வரையறுக்கப்பெற்றது. 1894-இன் சுவடு அதில் தெளிவு. 1961-ஆம் ஆண்டு ஒற்றை உடன்படிக்கை 'பெண்செடி' என்னும் அடையை நீக்கி, நுனியோடு சேராத விதையையும் இலையையும் விலக்கியது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைமருந்து, மனமயக்கப் பொருள் சட்டம் அவ்வாசகத்தைப் பெரும்பாலும் அப்படியே ஏற்று, இரண்டு இந்தியச் சொற்களைத் தலைப்பில் வைத்தது: சரசு என்பது எவ்வடிவிலுமுள்ள, பிரித்தெடுக்கப்பட்ட பிசின், ஹஷீஷ் எண்ணெய் உட்பட, கஞ்சா என்பது, நுனியோடு சேராத விதையும் இலையும் நீங்கலாக, பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. ஆங்கிலச் சட்ட வாசகத்துள் கஞ்சா என்னும் சொல் இந்திச் சரக்குப் பொருளில் அமர்ந்திருக்கிறது. தமிழர் செவியிலோ அது செடிப்பொருளில் ஒலிக்கிறது. ஒலி ஒன்றாக இருப்பதால் மொழிபெயர்ப்பாளர் ஐயுறுவதில்லை, அதுவே இடர்.

அவ்விடரின் அளவை எண்களால் காணலாம். 1985 முதல் 2001 வரை கஞ்சாவுக்கு மேல்வரம்பு ஐந்தாண்டுச் சிறை. சரசுக்குக் கீழ்வரம்பே பத்தாண்டு. இடையளவு, வணிக அளவு என்னும் பாகுபாடு அப்போது இல்லை. ஒரு சொல்லே ஐந்தையும் பத்தையும் பிரித்தது. 2001-இல் திருத்தம் வந்து அளவுகள் வகுக்கப்பட்டன. கஞ்சாவில் 1,000 கிராம் வரை சிற்றளவு, 20 கிலோகிராம் வணிக அளவு. சரசில் 100 கிராம் வரை சிற்றளவு, 1 கிலோகிராம் வணிக அளவு. அரைக் கிலோ எடையுள்ள ஒரு பொருள் கஞ்சாவாயின் சிற்றளவு. 2014-இன் திருத்தத்துக்குப் பின் அதற்கு மேல்வரம்பு ஓராண்டு. அதே அரைக் கிலோ சரசாயின் இடையளவு, மேல்வரம்பு பத்தாண்டு. செடியை வளர்த்தல் தனிக்குற்றம். அதற்கும் மேல்வரம்பு பத்தாண்டு. 'கஞ்சா இருந்தது' என்னும் ஒரு வாக்கியத்தைப் பெயர்ப்பவர், செடியா, நுனியா, பிசினா என வினவாமல் எழுதினால், இம்மூன்றுள் எதனை எழுதினார் என்பது அவர்க்கே தெரியாது.

எல்லைப்புற வழக்கு

இடுக்கி மலைகளிலும் அட்டப்பாடியிலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டினுள் கஞ்சா பயிரிடப்பட்டமையும், காவல், வனம், கலால் துறையினர் அவற்றைத் தேடி அழித்தமையும் அறிந்த செய்திகள். அக்காலத்து வழக்கில் எழுந்த பெயர்கள் இன்றும் நின்று நிலவுகின்றன. 'நீலச்சடையன்' என்பது அவற்றுள் ஒன்று. நீலம், சடை, அன் ஈறு என்று பகுத்தால் தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் ஒருங்கே விளங்கும் பெயர். பின்னிக் கிடக்கும் பூந்தலையைச் சடையாகக் கண்ட கண் பெயரிலே தெரிகிறது. இதற்கு நேர்மாறாக 'இடுக்கி கோல்டு' என்பது உலகச் சந்தையை நோக்கிய பெயர். 2013-இல் அதே பெயரில் ஒரு மலையாளத் திரைப்படமும் வந்தது. இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் 'கேரள கஞ்சா' என்பது ஏறத்தாழத் தரப்பெயராகவே ஆகிவிட்டது. பிடிபட்ட சரக்கு எங்கே விளைந்தது என்பதை அப்பெயர் சொல்வதில்லை.

இவை யாவும் பயிர்ப்பெயரும் தரப்பெயருமே. பிரித்தெடுத்த பிசினுக்கு எல்லைப்புறத் தமிழில் பெயர் எழவில்லை. மலையாளப் பேச்சிலும் எழுத்திலும் 'ஹாஷிஷ்', 'ஹாஷிஷ் ஓயில்' என்பன கடன்சொற்களாகவே வழங்குகின்றன. இத்தனைக்கும் தொழில் வினைகளுக்கு இவ்விரு மொழிகளிலும் பஞ்சமில்லை. தமிழில் சலித்தல், அரித்தல், தெள்ளுதல், கசக்குதல், நெருடுதல், திரட்டுதல். மலையாளத்தில் அரிக்குக, தெள்ளுக, ஞெரடுக, தெறுக்குக. 'நெருடு', 'ஞெரடு' ஆகியன ஒரே வேர் கொண்டவை. மலையாளத்தில் 'தெள்ளி' என்பது குங்கிலிய வகைப் பிசினுக்குப் பெயர். அதன் தூளாகிய தெள்ளிப்பொடி சடங்குகளில் தீப்பந்தத்தின்மீது எறியப்படுகிறது. இப்பெயரையும் 'தெள்ளுக' என்னும் வினையையும் ஒன்றெனத் துணிதல் கூடாது. எனினும், பிசினைத் தூளாக்கிப் பெயரிட்ட மரபு அருகிலேயே இருந்தும் இச்செடிக்கு அது நீளவில்லை என்பது கருதத்தக்கது. வினை இருந்தது, பிசின் இருந்தது, பிரிக்கும் வழக்கம் ஊன்றாமையால் பெயர் பிறக்கவில்லை.

பெயர் இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் கையில் எட்டியதை எடுக்கின்றனர். பெரும்பாலும் எட்டுவது 'தூள்'. சலித்த பிசினைக் 'கஞ்சாத்தூள்' என்று எழுதினால், தமிழர் நொறுங்கிய இலையை எண்ணுவர். அது சட்டத்தில் மிகக் குறைந்த நிலை, தனி இலையாயின் கஞ்சா வரையறைக்கே புறம்பு. அதே தொடரைப் பாக்கு நீரிணைக்கு அப்பால் படிப்பவர் வேறு எண்ணுவர். சிங்களத்தில் 'குடு' என்னும் தூட்சொல் எரோயினுக்கு ஆனதுபோல, இலங்கைத் தமிழ்ப் பேச்சிலும் 'தூள்' அதனைக் குறிக்கும்.

சட்டத்தில் வரும் 'நுனி' என்பதற்குக் 'கொழுந்து' என எழுதுவாரும் உளர். சொல் அழகியது, ஆயின் இடுக்கி மலைத்தமிழுக்கு முற்றிலும் பொருந்தாது. தேயிலைத் தோட்டத்தில் நான்கு தலைமுறையாகக் கொழுந்தெடுத்தவர்க்குக் கொழுந்து என்பது இலை, பூவன்று. 'கொழுந்து இருந்ததா?' என்று வினவினால் 'இருந்தது' என்பார். அவர் ஒப்புக்கொண்டது சட்டம் விலக்கிய இளவிலையை, எழுத்தில் ஏறுவதோ சட்டம் தண்டிக்கும் பூநுனி. ஏலத் தோட்டத்தில் பூவும் காயும் தாங்கும் தண்டைச் 'சரம்' என்பர். அச்சொல்லை வைத்து வினவினால் பொருள் இன்னும் நெருங்கும். 'சடை' எனினும் தகும்.

மலையாளக் 'கற' என்பதும் அவ்வாறே. மரத்தினின்று வடியும் பாலுக்கும் பிசினுக்கும், துணியில் படிந்த கறைக்கும் மலையாளத்தில் அது பொது. தமிழில் 'கறை' பெரும்பாலும் படிந்த மாசையே குறிக்கும். 'கையில் கற' என்பதைக் 'கையில் கறை' எனப் பெயர்த்தால் பிசின் அழுக்காகிவிடும்.

இவை அனைத்தினும் எளிதாகத் தவறவிடப்படும் சொல் 'பொதி'. சில ஆண்டுகளுக்கு முன் இடுக்கி எல்லையோர ஊர் ஒன்றிலிருந்து, மலையாளக் கைப்பற்றல் குறிப்பொன்றின் தமிழாக்கம் என் பார்வைக்கு வந்தது. தமிழாக்கியவர் யாரென்பது இங்கே வேண்டா. 'மூன்று பொதி கஞ்சா' என்று அதில் இருந்தது. மூலத்திலும் 'மூன்னு பொதி'யே. மலையாளத்தில் பொதி என்பது தாளில் மடித்த சிறு பொட்டலம். பொதிச்சோறு என்பதும் அதுவே. தமிழில் பொதி என்பது மாட்டின் முதுகிலோ கழுதையின் முதுகிலோ ஏற்றும் மூட்டை. குறிப்பைப் படிக்கக் கேட்ட அத்தொழிலாளியின் தாய், 'மூணு பொதியா? எம்மகன் என்ன, மாடு பூட்டியா ஏத்திட்டுப் போனான்?' என்று கேட்டார். அந்த வினாவில் மொழியியல் முழுவதும் இருந்தது. மூலத்தில் எடை தனியே கிராமில் எழுதப்பட்டிருந்தமையால் வழக்குக்கு ஊறு நேரவில்லை. ஆயினும், மகன் மறைத்துவிட்டான் என்றே அத்தாய் சில கிழமைகள் நம்பியிருந்தார்.

பெயர்ப்பு முறை பற்றிச் சில

கலைச்சொல்லாக்கத்தில் ஆர்வமுடையோர் இவ்விடத்தில் உடனே புதுச்சொல் படைக்க விரும்புவர். நானும் சலித்த பிசினுக்குப் 'பிசின்தூள்' என்றும், அழுத்திக் கட்டியாக்கியதற்குப் 'பிசின்கட்டி' என்றும் பிற எழுத்துகளில் ஆண்டிருக்கிறேன். வரலாற்று நூலுக்கும் பயணநூலுக்கும் அவை போதும். வழக்காவணத்தில் அவை தனியே நிற்கலாகா. சட்டம் பெயரிட்ட சொல்லாகிய 'சரசு' என்பதை முதலில் எழுதி, 'அதாவது, செடியினின்று பிரித்தெடுத்த பிசின்' என்று விரித்தல் வேண்டும். சட்டமே 'அதாவது' என்னும் அவ்வுத்தியைக் கையாள்கிறது. நாமும் அதனைப் பின்பற்றுவதில் தாழ்வில்லை. அவ்வாறே 'கஞ்சா' என்பதைச் செடிப்பொருளில் தனித்து ஆளாது, செடியாயின் 'கஞ்சாச்செடி' என்றும், இலையாயின் 'கஞ்சா இலை' என்றும், சட்டப்பொருளாயின் 'கஞ்சா, அதாவது அச்செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி' என்றும் எழுதுதல் நலம். ஒட்டுச்சொல் நீளும், வாக்கியம் அழகு குன்றும். ஓராண்டுக்கும் பத்தாண்டுக்கும் இடையில் நிற்பவர் அவ்வழகைப் பொருட்படுத்தமாட்டார்.

வாக்குமூலத்தைத் தமிழினின்று பிறமொழிக்குப் பெயர்ப்பது இதனினும் கடினம். பேசுவோர் பிரிக்காததை மொழிபெயர்ப்பாளர் பிரித்துவிடக்கூடாது. 'கஞ்சா இருந்துச்சு' என்று ஒருவர் சொன்னால், அதனை ஆங்கிலச் சட்டச் சொல்லாகிய கஞ்சாவோடு ஒன்றாக்குதல் அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆக்குதலாகும். சொல்லை உள்ளவாறே நிறுத்தி, 'தமிழ்ப் பேச்சில் இச்சொல் செடிக்கும் இலைக்கும் பூநுனிக்கும் பொது' என்று ஓரக்குறிப்பு இடுவதே தக்கது. வேதியியல் ஆய்வு பொருளைத் தீர்மானிக்கும், சொல்லுக்கு என்ன கேடு என்பார்க்கு ஒன்று சொல்லலாம். ஆய்வுக்கூடம் பொருளைத்தான் சோதிக்கும். அப்பொருள் தம்மிடம் இருந்ததென்று ஒருவர் அறிந்தே சொன்னாரா என்பதைச் சோதிக்க அவருடைய சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை.

1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையர் அரசோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளித்துள்ளது. அவ்வழி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் இச்சொற்கள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதைத் தொகுத்தால் எல்லைப்புறத் தமிழின் சொற்பொருள் வரைபடம் ஒன்று கிடைக்கும். அட்டப்பாடி இருளர் பேச்சையும் அதில் சேர்க்கவேண்டும். அதனைத் தமிழென்றோ மலையாளமென்றோ எழுதிவிடும் வழக்கம் ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்புப் பிழை.

மேற்கூறிய குறிப்பில் 'பொதி' என்பதை நீக்கிப் 'பொட்டலம்' என்று எழுதி, எடையை எண்ணாலும் எழுத்தாலும் அதனருகே சேர்த்து, அனுப்பியவர்க்கே திருப்பி அனுப்பினேன். அத்தாய்க்கு அதனைப் படித்துக் காட்டியபோது, 'பொட்டலம்னு மொதல்லயே எழுதியிருக்கலாமே' என்றாராம்.